சொரிமுத்து ஒட்டிய கண்ணாடியில் ஒரு குமிழி

சொரிமுத்து செத்த மூன்றாம் நாள், சித்திரை வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில், அவன் கடைசியாகக் கூலிங் பேப்பர் ஒட்டிய காரின் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் கடுகளவு இருந்த ஒரு குமிழி துவரம்பருப்பு அளவுக்கு ஆனது. தண்ணீர்க் குமிழி என்றால் மூன்று நாளில் காய்ந்து காணாமல் போக வேண்டும். அதற்காகத்தான் அந்தத் தொழில் செய்கிறவர்கள் எல்லாரிடமும் மூணு நாளைக்குக் கண்ணாடியை இறக்காதீங்க என்று சொல்லி அனுப்புவார்கள். இந்தக் குமிழி காயவில்லை. நாலாம் நாள் புளியங்கொட்டை ஆனது, ஐந்தாம் நாள் எலுமிச்சை ஆனது, ஆறாம் நாள் நகர ஆரம்பித்தது. கார்க்காரர் பொன்னுலிங்கம் எந்தப் பக்கம் பார்த்தாரோ அந்தப் பக்கத்துக் கண்ணாடிக்கு அது வந்து சேர்ந்தது.

எங்கள் ஊரில் இதை யாரும் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருந்தால் அது ஏன் வந்தது என்று பேச வேண்டியிருக்கும், அதைப் பேச எங்களில் ஒருவருக்கும் துப்பில்லை.

வெள்ளைப்பேரி விலக்கு என்பது நாலுவழிச் சாலையிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் இடம். ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, ஒரு கூலிங் பேப்பர் கடை, அவ்வளவுதான். பஞ்சர் கடை என்னுடையது, என் பெயர் குத்தாலம். பக்கத்துக் கடையைச் சொரிமுத்துவும் அவன் பெண்டாட்டி உலகம்மாளும் நடத்தினார்கள். கார்க் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுவதை ஒரு ஆளே செய்யலாம், ஆனால் அவர்கள் இரண்டு பேராகத்தான் செய்வார்கள். உலகம்மாள் வெளியே நின்று கண்ணாடியின் மேல் பேப்பரை விரித்து, சூடு காட்டி வளைவுக்கு இணங்க வைத்து, பிளேடால் அளவாக நறுக்கிக் கொடுப்பாள். சொரிமுத்து உள்ளே உட்கார்ந்து ஷாம்பூ தண்ணீர் தெளித்து, பின்னாடித் தாளை உரித்து, ஒட்டி, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே வருவான். தூசி பறக்கக் கூடாது என்று எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். ஏசி கிடையாது, ஃபேன் கிடையாது. கதவின் உள்பக்கத்து அட்டைகளைக் கழற்றி வெளியே சாக்கு விரித்து வைத்திருப்பார்கள், அதோடு திறக்கிற கைப்பிடியும் வெளியே போய்விடும். அதனால் உள்ளே ஒரு ஆள் இருந்தால் வெளியே ஒரு ஆள் இருந்தே தீர வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. பதினேழு வருஷத்தில் அதை மீறியது ஒரே ஒரு நாள்தான்.

அந்த நாள், குவாரி பொன்னுலிங்கம் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. ஊரையே அழைத்திருந்தார். புதுக் காருக்குக் கறுப்பாகப் பேப்பர் ஒட்ட வேண்டும், இவ்வளவு கறுப்பு கூடாது என்கிற சட்டமெல்லாம் மற்றவனுக்கு, சம்பந்தி வீட்டார் வருவதற்குள் முடிந்திருக்க வேண்டும் என்று உத்தரவு. வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த காலி மனையில், சீக்கிரம் காயட்டும் என்று நல்ல வெயிலில் காரை நிறுத்தி, புருஷனும் பெண்டாட்டியும் காலையிலிருந்து வேலை பார்த்தார்கள். அட்சரசுத்தமான வேலை. வெளியே நின்று முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாலும் உள்ளே இருப்பது ஆளா ஆட்டுக்குட்டியா தெரியாது. கடைசிக் கண்ணாடியில் மட்டும் கடுகளவு ஒரு குமிழி. பொன்னுலிங்கம் அதைப் பார்த்துவிட்டார்.

"இது என்னல கொப்புளம் மாதிரி?"

"தண்ணிக் குமிழி மொதலாளி. மூணு நாள்ல தானா காஞ்சிரும்," என்றான் சொரிமுத்து.

"எனக்கே பாடம் எடுக்கியா? வேற பேப்பர் ஒட்டு."

வேறு துண்டு கையில் இல்லை. உலகம்மாள் கடையிலிருந்து எடுத்து வருகிறேன் என்று மொபட்டை உதைத்துக்கொண்டு கிளம்பினாள். வெளியே நிற்கிற ஆள் போய்விட்டாள். அதுவரைக்குமாவது இதைத் தள்ளிப் பார்க்கிறேன் என்று சொரிமுத்து உள்ளே ஏறினான். பந்திக்குக் கூப்பிட்டார்கள். பொன்னுலிங்கம் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, "குமிழி போற வரைக்கும் நீ வெளிய வரக் கூடாது," என்று சொல்லி பொத்தானை அமுக்கினார். கிளிக். பையில் போட்டுக்கொண்டு பந்திக்கு வந்து, முதல் இலையில் உட்கார்ந்தார்.

உள்ளே கைப்பிடி இல்லை. சாவி இல்லாமல் கண்ணாடி இறங்காது. செல்போன் வெளியே சாக்கின் மேல் கிடந்தது. அடுத்தவன் கண்ணாடியில் பதினேழு வருஷமாக ஒரு கீறல் விழ விடாதவன், அன்றைக்கும் கடைசி வரை அதை உதைக்கவில்லை. பாவி, ஒரு உதை விட்டிருக்கலாம். அவனுக்கு இருந்தது ஹார்ன் ஒன்றுதான், அதை அடித்தான்.

உலகம்மாள் திரும்பி வந்தபோது பந்தி முடிந்து எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கார்க் கண்ணாடியில் பார்த்தாள், கறுப்புதான் தெரிந்தது. புருஷன் சாப்பிடப் போயிருப்பான் என்று நினைத்து, அந்தக் காரின் நிழலிலேயே, அந்தக் கதவிலேயே சாய்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் கதவு திறந்தது.

மாரடைப்பு என்று எழுதினார்கள். நான் பூட்டவேயில்லை, சாவி பூஜை அறையில் இருந்தது, அவனாக மயங்கிக் கிடந்தால் நான் என்ன செய்ய என்றார் பொன்னுலிங்கம். விசாரணைக்கு வந்தவர்களிடம் ஊர் மொத்தமும் ஒரே மாதிரி சொன்னது: நாங்க பந்தியில இருந்தோம், ஒண்ணும் கேக்கல. நானும் அப்படித்தான் சொன்னேன். உலகம்மாள் பொன்னுலிங்கம் வீட்டு வாசலில் போய் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான்தான் பூட்டுனேன்னு ஊருக்கு முன்னால சொல்லுங்க மொதலாளி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவர் உள்ளே போய் வேலைக்காரனை விட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். அதற்கு மறுநாள்தான் குமிழி துவரம்பருப்பானது.

முதலில் அவருடைய டிரைவரின் காதுதான் அதில் பட்டது. வேறு எதற்கோ தலையைச் சாய்த்தவன், குமிழிக்குள்ளிருந்து ஹார்ன் சத்தம் கேட்டு வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டான். டவுனில் ஒருத்தனிடம் கொண்டுபோய்ப் பேப்பரை உரிக்கச் சொன்னார் பொன்னுலிங்கம். பிளேடுகள் மழுங்கினவே தவிர சொரிமுத்து ஒட்டியது உரியவில்லை. கண்ணாடியையே மாற்றினார், குமிழி அடுத்த கண்ணாடிக்கு நகர்ந்தது. காரை விற்கப் பார்த்தார். வாங்க வந்தவர்கள் எல்லாரும் கண்ணாடியில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்லுதோம் என்று போனார்கள். காரைக் கொட்டகையில் போட்டு மூடினார். அன்றைக்கே அது அவருடைய மூக்குக் கண்ணாடியில் வந்து உட்கார்ந்தது, அதைக் கழற்றினால் கடிகாரத்தில், கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் மருந்து பாட்டிலில்.

இதையெல்லாம் நாங்கள் டீக்கடையில் உட்கார்ந்து, நல்லா வேணும் என்கிற மாதிரியும் அய்யோ பாவம் என்கிற மாதிரியும் பேசிக்கொண்டிருந்தோம். பதினாறாம் நாள் டீக்கடைக் கண்ணாடி கிளாஸ்களில் ஆளுக்கொரு குமிழி வந்தது.

அன்று பந்தியில் உட்கார்ந்திருந்து, ஹார்ன் சத்தம் காதில் விழுந்தும் எழுந்திருக்காதவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர் வீட்டிலும் வந்தது. ஒருத்திக்கு டிரெஸ்ஸிங் டேபிளில், ஒருத்தருக்கு சாமிப்படத்தின் கண்ணாடியில், முடிவெட்டுகிறவருக்குக் கடைச் சுவரில் முழுசாக இருந்த பெரிய கண்ணாடியில், பள்ளிக்கூட வாத்தியாருக்கு டிவியில், அதுவும் ஸ்கோர் தெரிகிற மூலையாகப் பார்த்து. எனக்குக் கடையில் முகம் பார்க்கும் கண்ணாடியில் வந்தது. நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடம் தேடுவதையே பிழைப்பாக வைத்திருப்பவன், எங்கே ஓட்டை என்று எனக்குத் தெரியாதா?

ஊர் எதற்கும் பழகிவிடும். ஒரு மாதத்தில் வீட்டுக்கு வீடு கண்ணாடி கிளாஸை எடுத்துக் கட்டிவிட்டு எவர்சில்வருக்கு மாறினார்கள், முடிவெட்டப் போகிறவர்கள் குமிழிக்கு இந்தப் பக்கம் தலையைச் சாய்த்து உட்காரப் பழகினார்கள், பெண்கள் பொட்டு வைக்கும்போது குமிழியிலேயே முகம் பெரிதாகத் தெரிகிறது என்று அதிலேயே பார்த்து வைத்தார்கள். அதிகம் கேட்டவனுக்குப் பெரிய குமிழி, கொஞ்சம் கேட்டவனுக்குச் சின்னது என்பது தெரிந்துபோனதும் ஆளுக்காள் அடுத்த வீட்டுக்கு மோர் கடன் கேட்கிற சாக்கில் போய் அளவு பார்த்துவிட்டு வந்தார்கள். மாமியார் மருமகள் சண்டையில் "ஒன் குமிழி என் குமிழிய விடப் பெரிசுடி" என்பது வசவானது. பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் ஜாதகத்தோடு வீட்டுக் கண்ணாடியையும் கேட்டார்கள். யாரும் அதில் காதை மட்டும் வைக்கவில்லை. வைத்தால் என்ன கேட்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

உலகம்மாளுக்குத் தெரியாது, அவள் காதுபட ஒருவரும் ஹார்ன் பேச்சை எடுக்கவில்லை. அதுதான் கொடுமை. அவள் வீட்டில் குமிழி கிடையாது, அவள் அன்று கேட்கவில்லையே. சத்தமில்லாமல் மயங்கிச் செத்துப் போனான் என்றுதான் நினைத்திருந்தாள். கடையை அவள் ஒருத்தியே நடத்தினாள், உள்ளே ஏறவும் அவளே, வெளியே நிற்கவும் அவளே. மத்தியானத்தில் தூக்குச்சட்டியைத் திறப்பாள், இரண்டு வாய் வைப்பாள், மூடிவிடுவாள்.

ஆடி மாதம் ஒரு நாள், சவரம் செய்யக் கண்ணாடியைப் பார்த்தவன், என் மூஞ்சி இருக்க வேண்டிய இடத்தில் முழுக்கக் குமிழியே இருப்பதைப் பார்த்தேன். பாதிச் சோப்பு நுரையோடு பக்கத்துக் கடைக்குப் போனேன்.

"தங்கச்சி, நான் கேட்டேன்."

"என்னத்த அண்ணே கேட்டிய?"

"ஹார்ன். சொரிமுத்து அடிச்சத."

பேப்பர் நறுக்கிக்கொண்டிருந்த பிளேடு நின்றது. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் வைத்துக்கொண்டிருக்க வேண்டும், வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"ஹார்ன் அடிச்சாவளா?" என்றாள். பிளேடைக் கீழே வைத்துவிட்டு, "எப்ப?" என்றாள்.

"மோர் ஊத்தும்போது."

"எத்தன?"

"மூணு. கடைசி ஒண்ணு நீளமா இருந்திச்சு. யாருக்கோ அவசரம்னு நெனச்சேன். மோரு நல்லா இருந்திச்சு தாயி, எந்திக்கல."

அவள் அழவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. ஷாம்பூ தண்ணீர் பாட்டிலையும் ரப்பர் பட்டையையும் எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். கண்ணாடி நனையத் தெளித்து, நடுவில் பட்டையை வைத்து, குமிழியை ஓரத்துக்குத் தள்ளினாள். அது சட்டத்தைத் தாண்டும்போது ஒரு ஹார்ன் சத்தம் கேட்டது, பிறகு குவாரி இருக்கும் திசைக்குப் போய்விட்டது.

"உடைக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"குமிழிய உடைக்க முடியாதுண்ணே. தள்ளத்தான் முடியும். ஓரம் எங்க இருக்கோ அங்க தள்ளணும்," என்றாள்.

என் கண்ணாடி சுத்தமானது மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. வெட்கம் கெட்டவர்கள் நாங்கள். விசாரணையில் வராத பேச்சு குமிழி போகும் என்றதும் வந்தது. மறுநாள் காலையிலேயே அவள் கடை முன்னால் வரிசை. ஒருத்தருக்கும் அவள் கதவைச் சாத்தவில்லை, ஒருத்தரிடமும் கோபமாகப் பேசவில்லை. எல்லாரிடமும் அதே இரண்டு கேள்வி. எப்ப? எத்தன?

"பருப்புக்கு நெய் ஊத்தயில கேட்டேன்."

"சாம்பார் வாளி எங்கிட்ட வந்தப்ப. அதுக்கு அப்புறமும். நெறைய."

"ரசத்துக்கு எல சரியா வழிச்சுக்கிட்டு இருந்தேன் மைனி. என் வீட்டுக்காரர்கிட்ட, என்ன இந்தக் கத்து கத்துதுன்னுகூடச் சொன்னேன். பேசாமத் தின்னுன்னாரு."

"பாயசம் ரெண்டாந்தடவ கேட்டப்ப."

சொன்னவர்களுக்கெல்லாம் வீட்டுக்குப் போய்க் குமிழியைத் தள்ளிவிட்டாள், எல்லாம் குவாரித் திசைக்கே போயின. ஒருவர் கேட்டதும் இன்னொருவர் கேட்டதும் ஒன்றா வேறா என்று இரவும் பகலும் மனசுக்குள் கோத்துக் கோத்துப் பார்த்து, புரட்டாசி முடிகிறபோது அவளிடம் முழுசாக இருந்தது. பருப்புக்கு ஆறு, சாம்பாருக்குப் பதினாலு, ரசத்துக்குப் பதினொன்று, பாயசத்துக்கு ஏழு, மோருக்கு மூன்று. நாற்பத்தொரு ஹார்ன். அவள் புருஷன் செத்துக்கொண்டிருந்தது எந்தப் பதார்த்தத்திலிருந்து எந்தப் பதார்த்தம் வரைக்கும் என்று அவளுக்கு இப்போது தெரியும். அதற்குப் பிறகு அவள் தூக்குச்சட்டியைத் திறக்கவேயில்லை, டீயிலேயே காலம் ஓட்டினாள்.

இந்தப் பக்கம் பொன்னுலிங்கத்தின் கதி என்னவென்றால், ஊர்க் குமிழி முழுவதும் அவரிடம் சேர்ந்துவிட்டது. வீட்டு ஜன்னல்களில் வெளியே தெரியவில்லை. எந்த வண்டியில் ஏறினாலும் முன்கண்ணாடி முழுக்கக் குமிழியாகி சாலை தெரியவில்லை. குவாரி லாரிகள் நின்றன. கொட்டகையில் இருந்த அந்தக் கறுப்புக் காரைப் போய்ப் பார்த்தவர்கள், அது நெருக்கியடித்துக் குமிழி பூத்துப்போய் நிற்கிறது, பக்கத்தில் போனாலே சூடு அடிக்கிறது என்றார்கள். பேரன் அவரைப் பார்க்க வந்தபோது, தாத்தா உங்க கண்ணாடி ஏன் ஹார்ன் அடிக்குது என்று கேட்டான். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. பங்குனியில் ஒரு நாள், நடந்தே வந்தார். எங்கள் ஊரில் அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை.

"ஊருக்கே தொடச்சுவிட்ட. எனக்கும் தொடச்சு விடு உலகம்மா. என்ன வேணும்னாலும் செய்யுதேன்."

"ஊருக்கு முன்னால சொல்லுங்க."

"அது மட்டும் முடியாது. நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?"

நான் ஒரு லாரி டயரைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.  உலகம்மாள், எங்கள் ஊரில் எவரும் எதிர்பார்க்காத மாதிரி, "சரி," என்றாள்.

"ஊர்க்காரவங்களுக்குக் காதால வந்த குமிழி, நான் தள்ளுனா போயிரும். உங்களுக்கு வந்தது கையால வந்தது மொதலாளி. உங்க கைதான் தள்ளணும். அந்தக் காருக்குள்ள உக்காந்து தள்ளணும். நான் வெளிய நிப்பேன்."

"ஊர் பாக்குமே?"

"பேப்பர் ஒட்டுனது எங்க வீட்டு அவிய. வெளிய இருந்து பாத்தா உள்ள ஆரு இருக்கான்னு தெரியாது. அது உங்களுக்குத் தெரியாதா?"

அவருக்கு அது பிடித்துவிட்டது. ஒருவரும் பார்க்காமல் காரியம் முடியும் என்பதில்தான் அந்த மனுஷன் விழுந்தார்.

சித்திரையில் சொரிமுத்துவுக்கு முதல் வருஷத் திவசம். உலகம்மாள் விலக்கிலேயே, எங்கள் மூன்று கடைகளுக்கும் முன்னால் பந்தல் போட்டு, ஊரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். யாரும் வராமல் இருக்க முடியவில்லை. குமிழி தள்ளிவிட்ட கை கூப்பிடுகிறது. காலையிலேயே கறுப்புக் காரைக் கயிறு கட்டி இழுத்துவந்து பந்தலுக்குப் பத்தடி தள்ளி வெயிலில் நிறுத்தினார்கள். உலகம்மாள் கதவு அட்டைகள் நாலையும் கழற்றிச் சாக்கில் அடுக்கினாள். பின்பக்கமாக வந்த பொன்னுலிங்கத்திடம் பாட்டிலும் ரப்பர் பட்டையும் கொடுத்து, சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஏற்றிவிட்டாள். "தூசி படக் கூடாது," என்று கதவைச் சாத்தினாள். பிறகு பந்தலுக்கு வந்து, முதல் வரிசையில் ஒரு இலை முன்னால் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பொத்தானை அமுக்கினாள். கிளிக். சாவியை இலையின் ஓரத்தில், உப்பு வைக்கும் இடத்தில் வைத்தாள்.

"பருப்பு போடுங்கண்ணே," என்றாள் என்னிடம். நான்தான் பரிமாறினேன்.

பருப்பு போட்டு நெய் ஊற்றி, ஊர் பிசையத் தொடங்கிய நேரம். ஹார்ன் அடித்தது. ஒரே ஒரு தடவை.

இருநூறு பேரும் எழுந்துவிட்டார்கள்.

ஒரே ஹார்னுக்கு! பருப்புக் கையோடு, பாதி வாயோடு, மொத்த ஊரும் காரைப் பார்த்து எழுந்து நின்றது. டிரைவர் ஒரு கடப்பாரையைக்கூட எடுத்துவிட்டான். உள்ளே இருப்பது பொன்னுலிங்கம் என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேர் அந்த எழுகிற வேகத்தில் தெரிந்துகொண்டார்கள். நாற்பத்தொரு ஹார்னுக்கு எழாத ஊர் அது. எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

உலகம்மாள் எழவில்லை. தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்.

"எந்திக்கிறவுக, அன்னைக்கும் எந்திச்சவுகளா இருக்கணும். மத்தவுக உக்காருங்க. இன்னும் சாம்பாரே வரல."

டிரைவர் கடப்பாரையைக் கீழே வைத்தான். வாத்தியார் உட்கார்ந்தார். முடிவெட்டுகிறவர் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக இருநூறு பேரும் உட்கார்ந்தார்கள்.

ஆறாவது ஹார்னில், "சாம்பார் ஊத்துங்கண்ணே," என்றாள். இருபதாவதில், "ரசம்." அவள் கேட்கிற வரைக்கும் இலைக்கு அடுத்த பதார்த்தம் வராது, எண்ணிக்கை வருகிற வரைக்கும் அவள் கேட்க மாட்டாள். பொன்னுலிங்கம் வேகவேகமாக அடித்திருந்தால் வேகமாக வெளியே வந்திருக்கலாம். அது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் நடுநடுவே கத்தினார், கண்ணாடியைத் தட்டினார், குவாரிக்காரர்கள் பேரைச் சொல்லி வைதார், பிறகு கெஞ்சினார், அந்த நேரமெல்லாம் வீணாகப் போனது. சொரிமுத்து ஒட்டிய பேப்பர் அவருடைய கை நிழலைக்கூட வெளியே விடவில்லை. நாங்கள் சாப்பிட்டோம். விழுங்க முடியாமல் விழுங்கினோம், அழுதுகொண்டே விழுங்கினோம், உலகம்மாள் ஒவ்வொருத்தர் இலையாகப் பார்த்து யார் மிச்சம் வைக்கிறார்கள் என்று கவனித்தாள். "பாயசம் ரெண்டாந்தடவ வேணுமா மதினி?" என்று கேட்கவேண்டியவரிடம் கேட்டாள். அந்தப் பெண் தலையை இலையிலேயே கவிழ்த்துக்கொண்டாள்.

முப்பத்தெட்டாவது ஹார்ன் முடிந்ததும் மோர் வாளியை எடுத்தேன். முப்பத்தொன்பது. எனக்குத் தெரியும், அடுத்து என்ன வரும் என்று எனக்கு மட்டும்தான் நன்றாகத் தெரியும். நாற்பது. அது தேய்ந்துபோன சத்தமாக இருந்தது. இனி ஒன்று, நீளமாக ஒன்று, அதோடு முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டபோது கிளிக் என்று சாவிச் சத்தம் கேட்டது.

உலகம்மாள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். பொன்னுலிங்கம் கரி நெருப்பில் வாட்டின கத்தரிக்காய் மாதிரி வெளியே விழுந்தார். மூச்சு இருந்தது.

"ஏன் தங்கச்சி விட்ட?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனால் கேட்டேன்.

"நாப்பத்தொண்ணாவது எங்க வீட்டு அவியளோடது," என்றாள். "அத இவருக்குக் குடுக்க மாட்டேன்."

யாரோ தண்ணீர் கொண்டு ஓடினார்கள். அவள் கையை நீட்டித் தடுத்தாள். அவர் மண்ணில் கிடந்தபடி ஊரைப் பார்த்தார். ஊர் எச்சில் கையோடு அவரைப் பார்த்தது.

"நான்தான் பூட்டுனேன்," என்றார். "குமிழி போற வரைக்கும் வெளிய வராதன்னு சொல்லிப் பூட்டுனேன். ஹார்ன் எனக்கும் கேட்டிச்சு. முத எலையில இருந்தேன், எல்லாருக்கும் முந்தி எனக்குத்தான் கேட்டிச்சு."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள், காரின் கண்ணாடிகளில் இருந்த குமிழிகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, பின்கண்ணாடி அகலத்துக்கு ஒரே குமிழியாகி, ஓரத்துக்கு வந்து தானாகக் கழன்றது. ஷாம்பூ வாசனையோடு அனல் காற்று பந்தலுக்குள் வந்து போனது. அதற்குப் பின்னால் அந்த நாற்பத்தொன்றாவது ஹார்ன் வந்தது, நீளமாக, ஒரு மனுஷனுடைய கடைசி மூச்சு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளமாக. உலகம்மாள் அது முடிகிற வரைக்கும் கண்ணாடியில் கன்னத்தை வைத்து நின்றாள். பிறகு இலைக்குத் திரும்பி வந்து, காய்ந்து போயிருந்த சோற்றைப் பிசைந்து, "மோர் ஊத்துங்கண்ணே," என்றாள்.

பொன்னுலிங்கத்தின் மேல் வழக்கு நடக்கிறது. குவாரியை வேறு யாரோ பார்க்கிறார்கள். அவரை இப்போது ஒருவரும் பொருட்படுத்துவதில்லை, அவர் பயந்த மாதிரியேதான் ஆயிற்று. எங்கள் கதை அப்படி முடியவில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன், சாலையில் ஒரு லாரி ஹார்ன் அடித்தது, ஏதோ லாரி என்று கையை வாய்க்குக் கொண்டுபோனேன், தண்ணீர் சொம்பைப் பார்த்தால் உள்ளே கடுகளவு ஒரு குமிழி. சொம்பு எவர்சில்வர்தான், அதிலும் வந்தது. எழுந்து வாசலுக்குப் போய் யார் என்னவென்று பார்த்துவிட்டு வந்தேன், குமிழியைக் காணோம். உட்கார்ந்தேன், பஸ் ஹார்ன் அடித்தது.

ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். எங்கள் ஊர் இருப்பது நாலுவழிச் சாலைக்குப் பக்கத்தில், நிமிஷத்துக்கு நாலு ஹார்ன் கேட்கும். எழுந்து பார்க்காவிட்டால் குமிழி வரும். வந்தால் என்ன ஆகும் என்று தெரியும், ஆகவே எழுந்துவிடுகிறோம். கல்யாண வீட்டில் இலை போடுவதில்லை, தட்டைக் கையில் கொடுத்துவிடுகிறோம். இங்கே வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறோம். சின்னப் பிள்ளைகள் பால் பாட்டிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சாலையைத் திரும்பிப் பார்க்கின்றன. உலகம்மாளிடம் இரண்டொருவர் போய், இதையும் தள்ளிவிடக் கூடாதா என்று கேட்டார்கள். இதுக்கு ஓரம் கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு அவள் கடையைப் பாதி சாத்திவிட்டு, வாசலில் இலை போட்டு, சம்மணம் போட்டு உட்காருகிறாள். பருப்பு, சாம்பார், ரசம், பாயசம் என்று ஒன்று விடாமல் வைத்துக்கொண்டு, லாரிகள் போகப் போக, நாங்கள் தட்டும் கையுமாக வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பதைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சாப்பிடுகிறாள். எங்கள் ஊரில் உட்கார்ந்து மோர் வரைக்கும் சாப்பிடுகிற ஆள் இப்போது அவள் ஒருத்திதான்.